சொந்தச் சரக்கு

1.

இந்தக் கதை ஒரு டிக் அடையாளத்தில் பிறந்தது. போட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் முந்தைய மூன்று வரைவுகளிலும் அதை ‘ஓர் எழுத்தர்’ போட்டதாக எழுதி, அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடியும் மாட்டிவிட்டிருந்தேன்.

வாகன உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. சரக்கு வண்டி ஓட்ட உரிமம் வேண்டும். உரிமம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரேக் முதல் டயர்வரை பரிசோதனை. சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றும் சிறிய வண்டிக்கு இரண்டிலிருந்தும் விலக்கு உண்டு. [இந்தப் பத்தி வறட்சியாக இருக்கிறது. இருக்கட்டும். என் சாமர்த்தியம் முழுக்க இதற்குள்தான் இருந்தது.]

2.

அக்காவின் கணவர், என் அத்தான், தச்சர். தான் செய்த கதவு ஜன்னல்களை ஏற்றத்தான் வேன் வாங்கினார். பிறகு கூலிக்கு அடுத்தவர் சாமான்களையும் ஏற்ற நினைத்தார்.

“உரிமம் எடுக்கணுமாப்பா?” என்று என்னைக் கேட்டார்.

“எதுக்கு அத்தான்? ‘சொந்தச் சரக்கு’ன்னு ஒரு டிக். வேலை முடிஞ்சுது.”

“பொய்யில்லையா அது?”

“சட்டத்துல இருக்கிற சந்து. நான் பாத்துக்கறேன்.”

அக்கா சாப்பாட்டு மேசையைத் துடைத்து இடம் கொடுத்தாள். படிவத்தை நான் நிரப்பினேன். அத்தான் கையொப்பம் மட்டும் போட்டார். “வீட்டுக்கு ஒரு சட்டப்புலி” என்று அக்கா சிரித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

3.

விபத்தை எப்படித் தொடங்குவது?

‘அன்று நல்ல மழை

இல்லை, வெயில். மழைமேல் பழி போடப் பார்த்தேன்.

‘விதி என்பது

சீ.

பிரேக் பிடிக்கவில்லை. யாருடையதோ ஒரு பீரோவோடு இறக்கத்தில் அத்தான் ஓட்டிவந்த வேன் தையல்கடைக்குள் புகுந்தது. தையல்கார அம்மாவின் வலக்கை மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியது. வண்டியைப் பார்த்த மெக்கானிக் சொன்னார்: “யாராவது ஒரு தடவை இந்த பிரேக்கைத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே!”

4.

விசாரணைக்கு வேறு அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். கோப்பை எடுத்துக்கொடுத்தவன் நான். படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

“இதை நிரப்பினது யாரு?”

அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான் சார். விவரம் தெரியாம போட்டுட்டேன்.”

[இங்கே ‘என் தொண்டை அடைத்தது’ என்று இருந்தது. அடைக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.]

அத்தானின் ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்தார்கள். நான் கோப்பை வாங்கி நாடா கட்டி அலமாரியில் வைத்தேன்.

5.

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் அதிகாரி முன் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறேன், வசனம் பிரமாதம். மற்றதில் தையல்கார அம்மா என்னை மன்னிக்கிறார். பாருங்கள், அவர் பேச வேண்டியதையும் நானே எழுதிவிட்டேன்.

நடந்தது இது. மன்னிப்புக் கேட்கத்தான் கடைக்குப் போனேன். இப்போது அவருடைய நாத்தனார் தைக்கிறார். அந்த அம்மா இடக்கையால் ரசீது எழுதுகிறார்.

“என்ன தைக்கணும் சார்?”

“பட்டன்” என்று வாயில் வந்துவிட்டது. நன்றாக இருந்த பட்டனைச் சட்டைக் கையிலிருந்து திருகிப் பிய்த்துக் கொடுத்தேன்.

“எழுத்து கோணலா இருக்கும். படிக்க முடியுதா?”

“முடியுதும்மா.”

அவ்வளவுதான் பேசினேன்.

6.

அத்தானின் மேல்முறையீடு வெள்ளிக்கிழமை வருகிறது. “நீயும் வா தம்பி. ஒண்ணும் பேச வேணாம், சும்மா கூட நின்னா போதும்” என்றாள் அக்கா. என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். சும்மா நிற்பதில் எனக்கு அனுபவம் உண்டு.

இன்று புதன். இங்கே நிறுத்திக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறந்தேன் என்று நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம். நான் இப்போதே எழுதினால், அது மூன்றாவது பொய்.