கத்தி காட்டாத ராபர்

முடிதிருத்தும் கடைக்காரருக்கு முடிவெட்டும் மெஷின் காணாமல் போனதைவிட, அது எப்படிப் போனதென்று சொல்வதுதான் பெரிய தலைவலி. பகலில் கடையில் தூங்க மாட்டேனென்று மனைவியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார். காவல் நிலையத்தில் புகார்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்பவளோ அதே மனைவி. விதி வேறு எங்கே போய் விளையாடும்?

"கத்தியக் காட்டி மிரட்டிப் பிடுங்கிட்டுப் போயிட்டான்," என்றார், நிலையத்தில் அவள் மேசை முன் நின்று. தெருவில் அதற்குள் நாலு பேரிடம் அப்படித்தான் அளந்திருந்தார், பின்வாங்க வழியில்லை.

"அப்போ ராபர்," என்று அவள் விரல்களை நெட்டி முறித்தாள். "பெரிய கேஸுங்க. ஆள் எப்படி இருந்தான்?"

"நல்ல உயரம். முறுக்கு மீசை."

"அந்த அடையாளத்துக்கு நம்ம தெருவுல பக்கத்துக் கடைத் தையல்காரர்தான் இருக்காரு. கூட்டிட்டு வரச் சொல்லட்டுமா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில்தான் அந்த மனுஷன் இவருடைய கிழிந்த சட்டையைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுத்திருந்தார்.

"ஐயையோ, அவர் இல்ல! மிரட்டலெல்லாம் இல்லம்மா. பூட்டை உடைச்சு உள்ள வந்திருப்பான்."

"அப்போ பர்க்ளர். உடைஞ்ச பூட்டு எங்கே?"

பூட்டு அவருடைய சட்டைப் பையில் முழுசாகக் கனத்தது. கை தானாகப் பையை மூடியது.

"திறந்து கிடக்கிற கடையில, யாரும் பார்க்காதப்ப எடுத்துட்டுப் போனா வெறும் தீஃப். ஆனா நீங்கதான் கண் கொட்டாம உட்கார்ந்திருந்தீங்களே?" அவள் குரலில் தேன் சொட்டியது.

பாவம், எவ்வளவு நேரம்தான் சமாளிப்பார்! "தூங்கிட்டேன்," என்றார், தரையைப் பார்த்து. "தீஃப்னே போட்டுக்கோ."

அவள் எதையும் தட்டவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து மெஷினை எடுத்து வைத்தாள். வயரில் புதுக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"சாப்பாட்டு வேளையில வந்தேன். வயர் பிஞ்சு கம்பி வெளிய தெரிஞ்சுது. நீங்க நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டுக் குறட்டை. விடிஞ்சதுலேர்ந்து நின்னுக்கிட்டே வேலை பாக்குற கால், எழுப்ப மனசு வரல. டேப் சுத்தித் தரலாம்னு நானே எடுத்துட்டு வந்துட்டேன்."

கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்குக் கண் கலங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தெருவுல போய் இப்ப என்ன சொல்ல?"

"ராபர் திருந்தி, திருப்பிக் கொடுத்துட்டான்னு சொல்லுங்க," என்றாள். "தையல்காரர் பாவம், மீசையை மட்டும் எடுத்துடுங்க."