டாக்டர் ‘அ’ எழுதிய சிரப்

விவேக் நகரிலுள்ள ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் பிரிஜெட்டுக்கு ஒரே ஓர் ஆசைதான். சாதாரணச் சளிக்கு இருமல் சிரப் எழுதும் வழக்கத்தை ஒழித்துவிட வேண்டும். சிரப்பால் பெரிய பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டுவதை ஒவ்வொரு புதன்கிழமையும் மதியக் கூட்டத்தில் எடுத்துச் சொல்வாள். மற்ற டாக்டர்கள் தலையாட்டியபடி சமோசா சாப்பிடுவார்கள். பிறகு போய்ச் சிரப் எழுதுவார்கள்.

அவளுடைய சந்தேகமெல்லாம் பக்கத்து அறை டாக்டர் கோவிந்தப்பா மேல்தான். “பாட்டில் கையில இருந்தாத்தான் அம்மாமாருக்குச் சமாதானம், மேடம்” என்று போன வருஷம் அவர் சொன்னதை அவள் மறக்கவில்லை.

ஆதாரத்தோடு மடக்கிவிடலாமென்று மருந்தகத்து டீனாவிடம் போன மாத மருந்துச் சீட்டுகளை எண்ணச் சொன்னாள். யார் மனமும் நோகக் கூடாதென்று பெயருக்குப் பதிலாக அ, ஆ, இ என்று போடச் சொன்னதும் அவள்தான்.

புதன்கிழமை பட்டியல் திரையில் விழுந்தது. நூறு குழந்தைகளில் எழுபத்தெட்டுப் பேருக்குச் சிரப் எழுதி டாக்டர் ‘அ’ முதலிடத்தில் இருந்தார்.

“பேர் வேண்டாம்,” என்றாள் பிரிஜெட், கோவிந்தப்பா பக்கம் திரும்பாமலிருக்கப் பெரும்பாடுபட்டு. “அந்த டாக்டர் கொஞ்சம் யோசிச்சா போதும்.”

“யாருன்னு தெரிஞ்சாத்தானே யோசிக்க முடியும்?” என்றார் கோவிந்தப்பா. 

டீனா புரொஜெக்டர் வயரைச் சரிசெய்வதில் மும்முரமானாள்.

“பரவால்ல, சொல்லு டீனா,” என்றாள் பிரிஜெட்.

“நீங்கதான் மேடம்.”

சமோசா மெல்லும் சத்தம்கூட நின்றுபோனது. இல்லை என்று சொல்ல வாயெடுத்த பிரிஜெட்டுக்குத் திங்கட்கிழமைகள் நினைவுக்கு வந்தன. வெளியே அறுபது பேர், விளக்கம் சொல்ல நேரமில்லை, கை அதுபாட்டுக்கு எழுதியிருக்கிறது.

“கோவிந்தப்பா சார்?” என்று டீனாவிடம் மெல்லக் கேட்டாள்.

“அவர்தான் கடைசி மேடம். பதினொண்ணு.”

“எப்படி சார்?”

“புதன்கிழமை புதன்கிழமை நீங்க பேசறதைக் கேட்டுட்டுத்தானே இருக்கேன்,” என்றார் அவர்.

மறுநாள் சௌம்யா என்ற பெண் இருமும் மகளோடு வந்தாள். பிரிஜெட் குழந்தையைப் பரிசோதித்துவிட்டு, மூச்சு வாங்கினால் உடனே கூட்டிவர வேண்டும் என்பது உட்பட எல்லாவற்றையும் பத்து நிமிடம் விளக்கினாள். சிரப் எழுதவில்லை. சௌம்யா திருப்தியில்லாமல் நேராகப் பக்கத்து அறைக்குப் போனாள். சுவருக்கு அப்பால் கோவிந்தப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அந்த மேடமே எழுதலைன்னா நிஜமாவே வேணாம்னுதான் அர்த்தம்மா. இந்த ஆஸ்பத்திரியிலேயே அதிகமா எழுதினவங்க அவங்கதான்.”

பிரிஜெட் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள்.