பத்தொன்பது ஆண்டு இடைவேளை

காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் மெடோலார்க் டிரைவ்-இன் தியேட்டரில் 1962 ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை விட்ட இடைவேளை, மற்ற எல்லோருக்கும் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆர்டித் ஹாவ்லிக்குக்கு மட்டும் அது பத்தொன்பது ஆண்டுகள் நீடித்தது. மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை, தியேட்டர் திறந்திருக்கும் பருவத்தில், பொழுது சாய்ந்ததும் அவள் சமையலறை மேசை இழுப்பறைக்குள்ளிருந்து இசை கிளம்பும். வறுத்த சோளப்பொரியும் உருகிய வெண்ணெயும் மணக்கும். குளிர்சாதனப் பெட்டியின் வெள்ளைக் கதவில் வெளிச்சம் விழும். அதில் அந்தத் தியேட்டரின் இடைவேளைக் கார்ட்டூன் ஓடும்: தொப்பி வைத்த காகிதக் கோப்பை ஒன்று குனிந்து வணக்கம் சொல்லும், வெள்ளரி ஊறுகாய் ஒன்று பிடில் வாசிக்கும், பன்னுக்குள் வைத்த இறைச்சிக் குழலான ஹாட் டாக் ஒன்று ஒல்லிக் கால்களைத் தூக்கித் தூக்கி ஆடும். கடைசியில் பத்துத் துண்டாக வெட்டிய ஒரு கேக் வந்து நிற்கும். ஒரு குரல், படம் தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது நண்பர்களே, தின்பண்டக் கடையில் எல்லாம் சூடாக இருக்கிறது என்று சொல்லும். கிளம்பும்போது ஒலிபெருக்கியை மறக்காமல் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போங்கள் என்றும் சொல்லும்.

இழுப்பறையில் இருந்தது அந்த ஒலிபெருக்கிதான். சாம்பல் நிற உலோகப் பெட்டி, கார் ஜன்னல் கண்ணாடியில் தொங்கவிடக் கொக்கி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு திருகு. அடியில் ஒரு சாண் ஒயர் பிய்ந்து தொங்கியது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எந்த டிரைவ்-இன் முதலாளியைக் கேட்டாலும் ஒரு பருவத்தில் ஏழெட்டு ஒலிபெருக்கிகள் இப்படிப் பிய்ந்து போகும் என்பார். ஜன்னலில் மாட்டியதை மறந்து வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். அதனால் ஆர்டித் வீட்டில் ஒன்று இருந்ததை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளி, துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் அதைத் திருப்பிக் கேட்பது முறையல்ல என்று விட்டுவிட்டார். அது ஒயர் இல்லாமல் பேசியதுதான் முதல் கோடையில் பேச்சாக இருந்தது. ரேடியோ பழுதுபார்ப்பவர் வந்து பிரித்துப் பார்த்து, உள்ளே ஒன்றும் சரியில்லை, ஆனாலும் நன்றாக வேலை செய்கிறது என்று திரும்ப மூடினார். பங்குத் தந்தை ஒரு மாலை முழுதும் அமர்ந்து கேட்டுவிட்டு, இதில் திருச்சபைக்கு விரோதமாக எதுவும் இல்லை, கொஞ்சம் பசிதான் எடுக்கிறது என்றார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரவு உடையோடு வந்து தரையில் அமர்ந்து பார்த்தார்கள். 1971இல் அவள் பழைய குளிர்சாதனப் பெட்டியை மாற்றிப் பச்சை நிறத்தில் ஒன்று வாங்கியபோது ஹாட் டாக்கும் பச்சையாகிவிட்டது. பிள்ளைகள் அதற்கு அஜீரணம் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

ஆர்டித் சிரித்ததில்லை. அவள் கேக்கைத்தான் பார்ப்பாள்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது இவ்வளவுதான். அவளுக்கு அப்போது வயது இருபத்தாறு. கணவன் லேலண்டுக்கு முப்பது. அவன் அம்மா செக் நாட்டு வழக்கப்படி நடுவில் பழப்பாகு வைத்துச் சுடும் கொலாச் பன்களை ஒரு செருப்புப் பெட்டி நிறைய அடுக்கித் தருவாள். லேலண்ட் ஒவ்வொரு வாரமும் அதோடுதான் படத்துக்கு வருவான். நான்கு வருடமாக ஆர்டித் ஒரு தடவைகூடத் தின்பண்டக் கடைப் பக்கம் போனதில்லை. இரண்டு பக்கத்துக் கார்களிலும் சோளப்பொரி வாசம் வீச, இவர்கள் செருப்புப் பெட்டியைத் திறப்பார்கள். அன்றைக்கு ஹாட் டாக் திரையில் ஆடத் தொடங்கியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மாம் பெரிய ஹாட் டாக் அங்க டான்ஸ் ஆடுது. நான் இருட்டுல உங்கம்மா சுட்ட பன்னக் கடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"பன்னுக்கு என்ன குறைச்சல்? அதுக்கு டான்ஸ் தெரியாது, அவ்வளவுதானே" என்றான் லேலண்ட்.

"போய் வாங்கிட்டு வா. அந்தக் கேக்கு தீர்றதுக்குள்ள வரல, நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்."

"வெங்காயம் வேணாம், கடுகு மட்டும். சரிதானே?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

நிமிடத்துக்கு ஒரு துண்டாகக் கேக் குறைந்தது. ஐந்து துண்டு இருக்கும்போது கடை வெளிச்சத்தில் அவன் யாரோடோ டிராக்டர் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. கையை அகல விரித்து டயர் எவ்வளவு பெரிது என்று காட்டிக்கொண்டிருந்தான். இரண்டு துண்டு இருக்கும்போதும் அப்படியே நின்றான். கடைசித் துண்டும் மறைந்தது. அவள் காரைக் கிளப்பினாள். ஜன்னலில் ஒயர் இழுபட்டுத் தெறித்த சத்தம் கேட்டது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில், அட்டைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி லேலண்ட் வரிசைகளுக்கு நடுவே வருவது தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. அவன் தம்பி ரூடியும் படத்துக்கு வந்திருந்தான். எப்படியும் அவனோடு வந்து சேர்வான், கொஞ்சம் அவஸ்தைப்படட்டும் என்று நினைத்தாள்.

ரூடி இடைவேளைக்கு முன்பே டெலோரஸ் என்ற பெண்ணோடு கிளம்பிப் போயிருந்தான். வேறு யாரிடமும் கேட்க லேலண்டுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். வீடு மூன்று மைல், நடந்தே கிளம்பினான். நெடுஞ்சாலையின் ஓரம் குறுகல், அதையடுத்துப் பள்ளம். அவன்மேல் மோதிய தானிய லாரியை ஓட்டி வந்தவர் பிறகு உள்ளூர்க் காவல் அதிகாரியான ஷெரிஃபிடம் சொன்னார்: பள்ளத்தில் குதித்திருந்தால் தப்பியிருப்பான், அவன் குதிக்கவில்லை, கையில் இருந்த தட்டு சாய்ந்துவிடக் கூடாதே என்று நின்றதுபோல இருந்தது.

ஷெரிஃப் வந்து கேட்டபோது ஆர்டித் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "எனக்குத் தலவலின்னதும், நீ முன்னாடி போ, நான் ரூடியோட வந்துர்றேன்னு அவந்தான் சொன்னான்." அந்த வாக்கியத்தை அவள் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊரே அவளுக்காகச் சொன்னது. மாமியார் சொன்னாள், மதுக்கடையில் சொன்னார்கள், முடிதிருத்தும் கடையில் சொன்னார்கள். பெண்ணைக் கூட்டிப்போகும் அவசரத்தில் தம்பிக்காரன் அண்ணனை ரோட்டில் விட்டுவிட்டான் என்று அது ஆனது. அடக்கத்தின்போது ரூடி ஆர்டித்திடம் வந்து, என்னைத்தான் தேடியிருப்பான் இல்ல, என்று கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். துக்கத்தில் இருப்பவள் தலையைக் குனிவதற்கு யாரும் வேறு அர்த்தம் பார்ப்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை ரூடி புல்வெட்டி இயந்திரத்தோடு வந்தான். அவள் வீட்டு முன்புறம், பின்புறம், வேலியோரம் எல்லாம் வெட்டிவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தான். டெலோரஸைப் பார்க்கவே முடியவில்லை அவனால். அவள் இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு ஒமாஹா நகரத்தில் ஒரு காப்பீட்டுக்காரனைக் கட்டிக்கொண்டாள். ரூடி தானியக் கிடங்கில் வேலை பார்த்தான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குளிர்காலத்தில் ஆர்டித்தின் ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி மாட்டினான், பனியைத் தள்ளினான். கோடையில் மட்டும் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவான். இழுப்பறைக் குரலைக் கேட்க அவன் ஒரு நாளும் நின்றதில்லை.

குளிர்சாதனப் பெட்டிக் கதவின் கேக்கில் இரண்டு கோடைக்கு ஒரு துண்டு குறைந்தது. 1964இல் ஒன்பது, 1966இல் எட்டு. ஒவ்வொரு துண்டு குறையும்போதும் ஆர்டித் இந்த வருடம் ரூடியிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்வாள். ஆறு துண்டு இருந்தபோது மாமியார் இறந்தாள். கடைசி வரை அவள் ரூடியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நான்கு துண்டு இருந்தபோது ரூடிக்கு முடி நரைத்திருந்தது. மூன்று துண்டு இருந்தபோது மெடோலார்க்கை மூடினார்கள். தின்பண்டக் கடையை இடித்துச் சிமெண்டுத் தளத்தை மட்டும் விட்டார்கள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த விவசாயி மக்காச்சோளம் போட்டார். ஒலிபெருக்கிக் கம்பங்களும், அங்கங்கே பலகை உதிர்ந்த திரையும் மட்டும் நின்றன. இழுப்பறைக் குரல் தியேட்டர் மூடிய செய்தியைப் பொருட்படுத்தவில்லை. தின்பண்டக் கடையில் எல்லாம் சூடாக இருக்கிறது என்றே சொன்னது.

1981இல் ஒரே துண்டுதான். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்துக்கு முந்தைய சனிக்கிழமையோடு அந்தப் பருவமும் முடிகிறது. அன்று மாலை ரூடி புல்லை வெட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஆர்டித் இழுப்பறையைத் திறந்து ஒலிபெருக்கியை எடுத்து, என்னோடு கொஞ்ச தூரம் வா என்றாள். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஓட்டிய அதே செவர்லே கார். அவள் ஓட்டினாள், அவன் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். மக்காச்சோளத்துக்கு நடுவே டிராக்டர் போகும் தடத்தில் நுழைந்து, லேலண்டோடு வந்து நின்ற ஐந்தாம் வரிசையில், ஒயர் பிய்ந்த கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒலிபெருக்கியை ஜன்னலில் மாட்டினாள். பொழுது சாய்ந்தது. உடைந்த திரையில் வெளிச்சம் விழுந்தது. ஹாட் டாக்குக்குப் பலகை உதிர்ந்த இடத்தில் ஒரு கால் இல்லை, இருந்த காலில் ஆடியது.

"இதக் குப்பைல போட வேண்டியதுதானே ஆர்டித். எதுக்கு என்னக் கூட்டிட்டு வந்த?"

"ரூடி, அன்னைக்கு லேலண்ட் உன்கூட வர்றேன்னு சொல்லவே இல்ல."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தலவலியும் இல்ல. லேட் பண்றான்னு கோவம். விட்டுட்டுக் கிளம்பிட்டேன். தட்டத் தூக்கிட்டு வர்றது கண்ணாடில தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்புறமா கிளம்புன?"

"தெரிஞ்சப்புறமும் நிறுத்தல."

ரூடி முழங்காலில் இருந்த கைகளைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, கடையில் ஏதோ சாமான் விசாரிப்பவனைப்போலச் சொன்னான்: "பத்தொம்பது வருஷம் உன் புல்ல வெட்டியிருக்கேன்."

"தெரியும்."

"டெலோரஸுக்கு இப்ப மூணு பசங்க."

"தெரியும் ரூடி."

அவன் கதவைத் திறந்து இறங்கினான். அறைந்து சாத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். மெதுவாகத்தான் சாத்தினான். முன்பு தின்பண்டக் கடை இருந்த பக்கமாக மக்காச்சோளத்துக்குள் நடந்து மறைந்தான். திரையில் கடைசித் துண்டு மறைந்தது. குரல் நன்றி சொல்லிவிட்டு நின்றது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு படம் தொடர்ந்தது.

அவள் கை தன்னால் சாவிக்குப் போனது. சாவியை உருவி, கைக்கு எட்டாத பின்சீட்டில் போட்டாள். படத்தில் குதிரைகள் ஓடின, யாரோ யாரையோ மன்னித்தார்கள், அவளுக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. பின்பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்து திரை இருண்டது. அவள் அப்படியே இருந்தாள். பிறகு சோளத்தாள்கள் விலகின. ரூடி ஒரு அட்டைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தாள் எதுவும் அதில் உரசாதபடி பக்கவாட்டில் நடந்து வந்தான். காருக்குள் அமர்ந்து தட்டை இருவருக்கும் நடுவே வைத்தான். இரண்டு ஹாட் டாக். ஆவி பறந்தது.

"வரிசை ரொம்ப நீளம். லேலண்ட் இன்னும் டிராக்டரப் பத்தியே பேசிட்டிருக்கான். ஆறிரும், நீ கொண்டுபோய்க் குடுன்னான்."

"வேற என்ன சொன்னான்?"

"வெங்காயம் வேணாம்னுதான் சொன்னானாம். அந்தக் கடைக்காரன் பேச்சு சுவாரசியத்துல போட்டுட்டானாம். எடுத்துட்டுத் தின்னச் சொன்னான்."

ஆர்டித் வெங்காயத்தை ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "எம்மேல கோவமா இருக்கானா?" என்று கேட்டாள்.

"நான் கேக்கல. அது நீ கேட்டுக்க வேண்டியது" என்றான் ரூடி. தன் பங்கை நான்கே கடியில் தின்று முடித்தான். ஒலிபெருக்கியை ஜன்னலிலிருந்து கழற்றிக் கம்பத்தில் மாட்டியதும் அவன்தான். கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று மைலையும் நடந்தே போனான். அவள் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு, முன்விளக்கின் வெளிச்சம் அவன் காலடியில் விழும்படி வீடு வரை பின்னாலேயே போனாள்.

மறுநாள் ஞாயிறு பூசைக்குப் பிறகு, தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் எல்லோரும் காபி குடிக்கும் இடத்தில் எழுந்து நின்று ஆர்டித், ஷெரிஃபிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம் பொய் என்று சொன்னாள். சிலர் அதன்பின் அவளோடு பேசவில்லை. முடிதிருத்தும் கடைக்காரர் ரூடியிடம் ஒரு மாதம் காசு வாங்கவில்லை. ரூடி அடுத்த சனிக்கிழமை புல் வெட்ட வரவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. புல் முழங்கால் வரை வளர்ந்ததும் ஆர்டித் ஒரு புல்வெட்டி வாங்கித் தானே வெட்டக் கற்றுக்கொண்டாள். நேராக வெட்ட அவளுக்கு இரண்டு கோடை பிடித்தது. இழுப்பறையில் இப்போது கரண்டிகள்தான் இருக்கின்றன.

பருவம் திறக்கும் மே மாதத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அந்த வயலுக்குப் போகிறாள். விதைப்பின்போது விவசாயி ஐந்தாம் வரிசைக் கம்பத்தருகே ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு விதைக்கிறார். இரண்டு வருடம் கழித்து, யாரும் கேட்காமலேயே, பக்கத்தில் இன்னொரு வண்டிக்கும் இடம் விட்டார். அதில் சில சனிக்கிழமைகளில் ரூடியின் பழைய பிக்-அப் வண்டி வந்து நிற்கும். இருவரும் பேசிக்கொள்வதில்லை. வெண்ணெய் வாசம் நெடுஞ்சாலை வரை வரும். அந்த வழியாகப் போகும் தானிய லாரிகள் அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. விவசாயியிடம் யாராவது கேட்டால், கடையில் இன்னும் கூட்டம் குறையவில்லை போலிருக்கிறது என்பார். ஆர்டித் செருப்புப் பெட்டியைத் திறந்து, மாமியார் முறைப்படி தானே சுட்ட கொலாச் ஒன்றை எடுத்துக் கடித்தபடி பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாவி பின்சீட்டில் கிடக்கும்.