துளை இயந்திரத்தின் மூடி

சடலம் வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாகிவிட்டது. அதனடியில் குனிந்து மூன்று தடவை போய்வந்தால் ருக்கினா தன் தம்பிக்கு விடை கொடுத்ததாகும். அவள் குனியவில்லை.

இறந்தவர் பிழையைப் பொறுக்கச் சொல்லி ஊரைக் கேட்பது மரவேலைக்குப் பேர்போன ஜெப்பாரா ஊரின் வழக்கம். கேட்கவேண்டிய பள்ளிவாசல் பெரியவரை முந்திக்கொண்டு மரப்பட்டறை முதலாளி ஹாஜி மஸ்கூரி எழுந்தார். முதலில் தொப்பை எழுந்தது. அவர் பிறகு வந்து சேர்ந்தார்.

"சர்மிதி நல்ல பையன். கொஞ்சம் அசட்டை. துளை போடுற மெஷின்ல மூடியைக் கழட்டிட்டு வேலை செஞ்சான். சுத்துற பிட்ல சட்டைக்கை சிக்கிடுச்சு. அவன் பிழையை மன்னிச்சுடுங்க."

"யாரும் மன்னிக்கக் கூடாது!" என்றாள் ருக்கினா.

"மையித்து காத்திருக்கும்மா," என்றார் பெரியவர்.

"காத்திருப்பான். முதலாளி, மூடியைக் கழட்டினது யாரு?"

"அவன்தான்."

"இப்ப அது எங்க இருக்கு?"

மூடி போன இடத்தைச் சொல்லித் தம்பி இரண்டு மாதமாக அவளிடம் புலம்பியிருந்தான். முதலாளி தன்னையறியாமல் மேலே பார்த்தார், ஊரும் பார்த்தது. எதிரே அவர் வீட்டு முற்றத்தில், பனைமர உயரக் கம்பத்தில், அவருடைய பாடும் புறா. அது கூவினால் கடலில் மீன் துள்ளும் என்பார். கூண்டின் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. 'கை பத்திரம்' என்று எச்சரிக்கும் சிவப்புக் கைப்படம் அதில் ஒட்டியபடியே இருந்தது.

சந்தூக்கைத் தாங்கியிருந்த பட்டறை ஆள் கஸ்னாவி வாயைத் திறந்தான். "கூண்டை ஏத்துறப்ப நான்தான் கயிறு புடிச்சேன், அக்கா. மூடி மறைக்குது, தினம் இருபது நாற்காலிக் கால் குறையுதுன்னு இவரேதான் கழட்டினாரு."

"டேய், நாளைக்கு வேலைக்கு வரணுமா வேணாமா?"

"அந்த மெஷினுக்குத்தானே? மூடி இருந்தா வர்றேன்."

"புறா நனையுதேன்னுதான்டா..." சொல்லிவிட்டு முதலாளி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

பெரியவர் செருமினார். "பிழை யாரோடதுன்னு ஊர் கேட்டுக்கிச்சு. எடுக்கலாமாம்மா?"

ருக்கினா குனிந்தாள். மூன்று தடவை.

ஆண்கள் அடக்கம் செய்ய மையவாடிக்கு நடந்தார்கள். தோள் கொடுக்க வந்த முதலாளிக்கு யாரும் இடம் விடவில்லை. ருக்கினா எதிர்முற்றத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துக் கூண்டை இறக்கினாள். மூடியைக் கழற்றி, அதில் காய்ந்திருந்த எச்சத்தையும் தினைத்தோலையும் தோள்துணியால் துடைத்தாள். மூடியோடு பட்டறைக்குப் போனாள். தரையை நன்றாகக் கழுவியிருந்தார்கள். முதலில் துளை இயந்திரத்தின் மின்வயரைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு மூடியை அதன் இடத்தில் பொருத்தி, அடுக்களைக் கத்தியின் முனையால் ஒரு திருகாணியை முறுக்கினாள். வழுக்கியது. மறுபடி வைத்து முறுக்கினாள்.