தூசியில் நின்ற வீடு

இந்த வீட்டை ஒரு நாளாவது எனக்குப் பிடிச்சிருந்ததா, பின்ன ஏன் இது என்னைய விடாம நிக்குது என்று வள்ளிமயில் நினைத்தபோது, அந்த வீடு இடிக்கப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. கல்லும் கட்டையும் லாரியில் போய்விட்டன. தூசி மட்டும் கீழே இறங்கவில்லை. சுவர் இருந்த இடத்தில் சுவராகவும், மாடிப்படி இருந்த இடத்தில் படியாகவும் அந்தரத்தில் நின்றது. கோவில்பட்டியில் அந்த வாரம் பருத்தி விலை இறங்கியிருந்ததால் சனங்கள் அதைத்தான் அதிகம் பேசினார்கள்.

வீட்டை இடித்தது அவளுடைய கொழுந்தன் செல்லத்துரை, தீப்பெட்டி ஆலை முதலாளி. கீழே கடைகள், மேலே கல்யாண மண்டபம் என்று திட்டம். முன்பு அவருடைய சொந்தக்காரர் ஒருவர் கடப்பாரை வைத்திருந்த நாலு பேரைக் கூப்பிட்டுத் தன் வீட்டை இடித்ததில் பக்கத்து வீட்டு அடுக்களையும் சேர்ந்து விழுந்திருந்தது. அதனால் இவர் லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டரைத் தேடிச் சங்கரபாண்டியைப் பிடித்தார். அவர் கரண்டைத் துண்டிக்கச் செய்து, பக்கத்து வீட்டுப் பக்கம் பச்சைத் துணி கட்டி, கதவு நிலைகளைப் பெயர்த்து வைத்த பிறகே இயந்திரத்தை உள்ளே விட்டார். கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்பும். எந்த விரிசல் எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்த்துப் பார்த்துத் தள்ளினார். பக்கத்து வீட்டில் ஓர் ஓடுகூட நகரவில்லை.

தூசிக்குத் தண்ணீர் லாரி வந்தது. தண்ணீர் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வழிந்தோடியது. கொடியில் கிடக்கும் சேலையைப் பிடுங்கிக்கொண்டு போகும் ஆடிக் காற்றும் அடித்து ஓய்ந்தது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வந்தவர்கள் இருமிக்கொண்டே திரும்பிப் போனார்கள். பால்காரர் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்.

“லைசென்சு உள்ள ஆளுன்னுதானய்யா ஒம்மக் கூப்பிட்டேன்” என்றார் செல்லத்துரை.

சங்கரபாண்டி தூசியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து கடைசியாக வெளியே வந்தது யார் என்று கேட்டார். வள்ளிமயில்தான்.

“வரும்போது என்ன சொன்னிய அக்கா?”

“வாரேன்னு சொன்னேன்.”

“அப்போ நீங்க வருவியன்னுதான் நிக்குது” என்றார் அவர், உத்தரத்தில் கறையான் இருக்கிறது என்று சொல்வதுபோல.

“இடிக்கப் போற வீட்டுக்கிட்ட எவளாச்சும் வாரேன்னு சொல்லுவாளா மதினி?” என்றார் செல்லத்துரை.

“வாசப்படி இறங்குறப்போ வேற என்ன சொல்லுவாவ தம்பி?”

அந்த ஊர்களில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறவர்கள்கூடப் போறேன் என்று சொல்வதில்லை.

பத்தொன்பது வயதில் அவள் அந்த வீட்டுக்கு வந்தாள். புருஷன் இறந்த பிறகு கொழுந்தன் குடும்பத்துக்குச் சோறாக்கினாள். அண்ணன் சாவுக்கு நாகலாபுரம் போய்த் திரும்பிய அன்றும், உலை வைக்க நேரமாச்சு என்றுதான் அவளிடம் சொன்னார்கள். அவள் வரவுக்காக ஒருவரும் காத்திருந்ததில்லை. இப்போது ஒன்று காத்திருந்தது, அதுவும் அவளுக்குப் பிடிக்காத ஒன்று. அதில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை காலம் கழித்தா என்று எரிச்சல்தான் வந்தது. புதுக் கட்டட வரைபடத்தில் மணமகன் அறை இருந்தது, செருப்பு வைக்க இடம் இருந்தது. அவளுக்கு ஆலைக் கிட்டங்கியில், தீக்குச்சி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். “அங்கன காத்து நல்லா வரும்” என்று செல்லத்துரை சொல்லியிருந்தார். இப்போதைக்கு எல்லோரும் வாடகை வீட்டில் இருந்தார்கள். தூசி இறங்கி மண்டபம் எழும்பினால் அவளுக்கு அந்தக் கட்டில்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளைத் தூசிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தெருவே கூடியிருந்தது.

“ஆடிக் காத்தே தோத்துட்டு அண்ணாச்சி, மதினியத் தும்மச் சொல்லுங்க, விழுந்திரும்” என்றார் டீக்கடைக்காரர். சிலர் சிரித்தார்கள்.

செல்லத்துரை வராத பணிவை வரவழைத்துக்கொண்டார். “ஒரே ஒரு வார்த்த மதினி. அதப் பாத்து, போறேன்னு சொல்லிருங்க. ஒங்களுக்கு என்ன கொறைஞ்சு போவுது?”

வள்ளிமயில் அடுக்களை இருந்த இடத்தைப் பார்த்தாள். தூசியில் அடுப்பு மேடை தெரிந்தது. கழுத்தில் படிந்திருந்த தூசியை அவள் துடைக்கவில்லை.

“சொல்ல மாட்டேன் தம்பி” என்றாள், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி.