மாமியார் பார்த்துக் கொடுத்த துப்பாக்கி

“வியாழக்கிழமை அவனை விட்டுடுறாங்களாம்.”

“யாரும்மா சொன்னது?”

“அவனேதான். ஜெயில்லேர்ந்து போன் பண்ணினான். நீ இப்ப எந்த வீட்ல இருக்கேன்னு கேட்டான்.”

“சொன்னீங்களா?”

“நான் வாயத் தொறக்கல. ஆனா இது என்ன நியூயார்க்கா, ட்ரீனா? மூணு பேரக் கேட்டா, நாலாவது ஆள் உன் வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போவான்.”

“கோர்ட் பேப்பர் இருக்கேம்மா. என் பக்கத்துலயே வரக்கூடாதுன்னு.”

“பேப்பரா? அதக் கசக்கி அடுப்புல போட்டுக் குளிர் காய்வான். எம்புள்ளைய எனக்குத் தெரியாதா? நாளைக்கு உனக்கு லீவுதானே, ஹோபர்ட் கடைக்குப் போவோம். உனக்கொரு துப்பாக்கி பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து, தேவாலய வாசலில் நின்று பேசியது அது. மறுநாள் காலை மாமியார் ஓப்பலின் பழைய டிரக்கில் உட்கார்ந்து மலைப்பாதையில் இறங்கும்போதும் ட்ரீனாவின் காதில் அதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஷெரிஃப் அலுவலகத்திலும் அவள் கேட்டுப் பார்த்துவிட்டாள். “கூப்பிட்டா கண்டிப்பா வந்துடுவோம்” என்றார் அங்கிருந்த அதிகாரி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, “உங்க பள்ளத்தாக்குக்கு நாப்பது நிமிஷம் ஆகும்” என்றார். அவள் கணவன் கெண்டலுக்கு, வந்த வேலையை முடிக்க நாலு நிமிஷம் போதும்.

ஓப்பல் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. பெல்ட்டப் போடு.”

பெல்ட் போட்டுத்தான் இருந்தது. என்ன கேட்க வருகிறாள் என்று ட்ரீனாவுக்குத் தெரிந்தே இருந்தது. எந்தத் தாயும் கேட்பதுதான்: அவனைச் சுட்டுவிடாதே. கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஊர் முனையில் இறுதிச் சடங்கு இல்லத்தைக் கடக்கும்போது, ஓப்பல் வழக்கம்போல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பதினோரு வருடங்களுக்கு முன் மூத்த மகன் ராய்ஸ் அங்கேதான் கிடத்தப்பட்டிருந்தான். அந்த ஊரில் சவப்பெட்டியைத் திறந்து வைப்பார்கள். வருகிறவர்கள் முகம் பார்த்து, நெற்றியில் முத்தமிட்டு, தலைமுடியைச் சரிசெய்துவிட்டுப் போவார்கள். சுரங்கத்தின் கூரை சரிந்து விழுந்தது ராய்ஸின் தலைமேல். முகம் என்று ஏதும் மிஞ்சாததால் பெட்டியை மூடியே வைத்துவிட்டார்கள். புதுப்பெண்ணாக வந்திருந்த ட்ரீனா பார்த்துக்கொண்டிருந்தாள்: இரண்டு நாளும் ஓப்பல் அந்த மூடியின் மேல் வைத்த கையை எடுக்கவேயில்லை.

ஹோபர்ட் கடையில் முதலில் எடுத்துக் காட்டியது உள்ளங்கையில் அடங்கும் இளஞ்சிவப்பு ரிவால்வர்.

“பொம்பளைங்களுக்குன்னே வந்தது. கைப்பையில பவுடர் டப்பா மாதிரி கெடக்கும்.”

“பவுடர் டப்பா வேணும்னா மருந்துக்கடைக்குப் போயிருப்பேனே, ஹோபர்ட்” என்றாள் ஓப்பல். “அந்தச் சுண்டைக்காய உள்ள வை. கனமில்லாத துப்பாக்கி சுடுறவ கையத்தான் மொதல்ல உதைக்கும். கைப்பையும் ஆகாது. சூயிங்கம் தேடி எம்பேத்தி மேஸி அதத்தான் குடைவா.”

அடுத்தது கறுப்பாக, கொஞ்சம் பெரிதாக இருந்தது. மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தால்தான் தோட்டா ஏறும். ட்ரீனா பல்லைக் கடித்து இழுத்தாள். பாதி வந்து நின்றுவிட்டது.

“மணிக்கட்டுல என்னம்மா கோளாறு? எங்கயாவது விழுந்தியா?”

ட்ரீனா சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மறைத்தாள்.

“எம்மவன் முறுக்கினான்” என்றாள் ஓப்பல். “எலும்பு சரியாச் சேரல.”

சிறுவயதில் கெண்டலுக்குப் பேஸ்பால் பழக்கியவர் ஹோபர்ட். மெதுவாகப் போய், உள்ளே ஸ்பிரிங் இளக்கமான ஒன்றை எடுத்து வந்து, துணியால் துடைத்து நீட்டினார். அது இழுத்த இழுப்புக்கு வந்தது. ட்ரீனாவின் விரல்கள் பிடியில் பாந்தமாகப் படிந்தன. அப்படிப் படிந்ததைக் கண்டதும் அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டாள்.

எங்கே வைத்துக்கொள்வது என்பது அடுத்த பாடு. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் கிழவர்களைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டிவிடுகிற வேலை அவளுக்கு. சீருடைக் கால்சட்டைக்கு நாடாதான். ஹோபர்ட் இடுப்பில் ஓர் உறையை மாட்டித் துப்பாக்கியைச் செருகியதும் கால்சட்டை நழுவி இறங்கியது. ட்ரீனா பதறிப் பிடித்தாள்.

“நல்லதாப் போச்சு” என்றாள் ஓப்பல். “நீ குளிப்பாட்டுற எஸ்டெப் தாத்தாவுக்கு இதப் பாத்தே நெஞ்சுவலி வந்துரும்.”

மூவரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்று பொருந்தியது. அதிலேயே தைத்த உறை, விசையை மறைக்கக் கெட்டியான மூடி. ஓப்பலே கட்டிவிட்டாள். கல்யாணத்தன்று முதுகுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்ட அதே விரல்கள்.

“குனி. விலாவுல குத்துதா?”

“இல்லம்மா.”

“உக்காரு. அந்த நாய்த்தீனி மூட்டையத் தூக்கு. எஸ்டெப்பத் தூக்குற மாதிரி, முட்டிய மடக்கித் தூக்கு.”

தூக்கினாள். உறுத்தவில்லை. கழுத்துச் சங்கிலியைப் போல இதுவும் நாளடைவில் மறந்துபோகும் என்று தோன்றியது. ட்ரீனா படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டாள். அவள்மேல் வழக்கு ஏதும் இல்லை என்று போனில் சரிபார்த்த ஹோபர்ட், பத்தே நிமிஷத்தில் சரி என்று தலையாட்டினார்.

கடைக்குப் பின்னால் மண்மேட்டின் முன்னே ஒரு காகித மனிதன் நின்றான். “நெஞ்சுக்கு நடுவுல பாரு. காலு கையின்னு கணக்குப் பாக்காத” என்றார் ஹோபர்ட். ட்ரீனா நெஞ்சைத்தான் குறிபார்த்தாள். சத்தத்துக்குப் பயந்து, வெடிக்கும் முன்பே உள்ளங்கை பிடியை முன்னால் தள்ளியது, குழல் எம்பியது. பத்து தோட்டாவில் ஏழு காகித மனிதனின் முகத்தில் பாய்ந்திருந்தன.

“முதல் தடவைக்குப் பிரமாதம்!” ஹோபர்ட் காகிதத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். “அவன் வந்தா பொழைக்க மாட்டான்.” சொன்ன பிறகுதான் ஓப்பலைப் பார்த்தார். வேகமாக உள்ளே போய்விட்டார்.

டிரக்கில் ஏறிய ஓப்பல் சாவியைப் போடவில்லை. காகிதத்தை மடியில் விரித்து, முகமிருந்த இடத்தின் ஓட்டைகளில் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தாள். இதோ கேட்கப்போகிறாள் என்று ட்ரீனா நினைத்தாள். பட்டை வயிற்றை இதமாக அணைத்திருந்தது. முடியாது என்ற சொல்லை அவள் தொண்டையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“சுடாதேன்னு நான் கேக்க மாட்டேன்” என்றாள் ஓப்பல். “அவன் வருவான். வந்தா நீ சுட்டுத்தான் ஆகணும். மேஸிக்கு நீ வேணும்.”

“அம்மா…”

“ராய்ஸ எனக்குக் காட்டவேயில்ல, கண்ணு. பெட்டிய மூடியே வச்சுட்டாங்க.” காகிதத்தின் ஓட்டைகளை உள்ளங்கையால் மூடினாள். “இவனையாவது நான் பாக்கணும். முகத்துல மட்டும் சுட்டுடாதம்மா.”