ஒருநாளும் தவறாத குளிசை

சாறியை இடுப்பில் செருக முடியவில்லை. வயிறு அவ்வளவு ஊதியிருந்தது. மாக்கிறட், செத்துப்போன தன் அக்காவின் விறைத்த உடம்பைத் தன் பக்கம் சரித்துப் பிடித்து, கொய்யக மடிப்பை ஊசியால் குத்தினாள்.

“பிள்ளைத்தாச்சி மாதிரிக் கிடக்கிறாள்,” என்று கால்மாட்டில் நின்ற பெண் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா விறோனிக்காவின் ஒரே மகன் றொசாந்தன் கடைசிச் சண்டையில், வன்னியில், ஷெல் விழுந்து செத்தவன். அவனில்லாமல் தங்கள் கடற்கரை ஊரான அரிப்புக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்ட அடுத்த வருடமே அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. தெற்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். ஐந்து வருடம் போடச் சொல்லிக் குளிசை கொடுத்தார்கள். மருந்துத் துண்டைக் காட்டி மன்னாரில் அதை வாங்கி வருவது அவள் புருசன் எமிலியானுஸ் அத்தான்தான். கடலால் வந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல், தண்ணீரும் குளிசையுமாக அக்காவின் முன்னால் நிற்பார்.

அக்காவுக்கு மாதவிலக்கு நின்று வெகுகாலமாகியிருந்தது. போன வருடம் திடீரென்று இரத்தம் பட்டது.

“திரும்ப வந்திட்டுதடி,” என்றாள் அக்கா. நாற்பத்தொன்பது வயது முகம் குமரியின் முகம்போலக் கூசியது.

“டொக்டரிட்டக் காட்டு அக்கா.”

அத்தான் குறுக்கே வந்தார். “அங்க போனா கண்ட மருந்தையும் குடுத்து நிப்பாட்டிப்போடுவாங்கள். ஆண்டவர் தாறதை ஏன் கெடுப்பான்? றொசாந்தன் திரும்பி வாறான், மச்சாள்.”

மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தார். ஊரும் கூடச் செபித்தது. இடைக்கிடை பட்ட இரத்தம் நாள்தோறும் பட்டபோது பயந்தார்கள். வயிறு உப்பியபோது, பிள்ளைதான் என்று பயம் விட்டுப்போயிற்று. படுக்கவிடாமல் நோவு வந்த பிறகுதான் மன்னாருக்கு ஏற்றினார்கள்.

வார்ட்டில் இளம் டொக்டர் மாக்கிறட்டை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

“இது மார்பில வந்த பழைய புற்றுநோய் இறங்கினதில்லை, அம்மா. கருப்பையின்ர உள்தோலில புதுசா வந்தது. அந்தக் குளிசை மார்பில போய் வளராதே எண்டு சொல்லும். கருப்பைக்குள்ள அதே குளிசை பொம்பிளை ஹோர்மோன் மாதிரி நடந்து, வளர் எண்டு சொல்லிப்போடும். போதும், நில் எண்டு சொல்லுற மற்ற ஹோர்மோன் இந்த வயசில சுரக்காது. இப்பிடி வாறது குறைவு. ஆனா இரத்தம் பட்ட உடனையே வந்திருக்கோணும்.”

“எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“சொல்லித்தான் அனுப்பியிருப்பினம்.”

“என்ன பாசையில?”

தெற்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாதி சிங்களத்தில் நெடுநேரம் ஏதோ சொன்னதும், மூன்று பேரும் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடியதும் மாக்கிறட்டுக்கு நினைவு வந்தது.

அக்காவை அடக்கம் பண்ணிவிட்டு, பின்னேரம் சேமக்காலையால் திரும்பிய சனம் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தது. மாக்கிறட் குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தான் வாசலில் வந்து நின்றார். கால்களில் சேமக்காலை மணல் அப்பியிருந்தது.

“நான் ஒருநாளும் குளிசை தவறவிடேல்லை, மச்சாள். உமக்குத் தெரியும்தானே.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரத்தத்துக்கு நேர்த்தி வைத்த மனிசன். டொக்டரிடம் போகவிடாமல் மறித்த மனிசன். ஒரு வார்த்தை போதும். இவரையும் அக்காவுக்குப் பக்கத்தில் கிடத்திவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து கசந்தது.

“அதையும் குடுக்காட்டி இன்னும் கெதியாப் போயிருப்பாள், என்ன?” என்று அத்தான் கேட்டார்.

மாக்கிறட் கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினாள்.

“ஓம் அத்தான்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வளவுக்குள் இறங்கினார். அக்காவின் பழஞ்சீலைத் துண்டுகள், மாக்கிறட் அலசிப் போட்டவை, கொடியில் கடற்காற்றுக்குக் காய்ந்து கிடந்தன. கறை முழுதாகப் போயிருக்கவில்லை. அத்தான் ஒவ்வொன்றாக எடுத்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, மடித்து மடித்துத் தன் தோளில் அடுக்கினார்.